சென்னைக்கு வேன் பேசி வரும் சொந்தங்களுக்கு



முழு ஆண்டுப் பரீட்சை முடிந்து பள்ளிக்கூடத்தைப் பூட்டியதும் நம் பக்கத்தில் வண்டி பேசும் வேலை தொடங்கிவிடும். கோவில்பட்டியிலோ சங்கரன்கோவிலிலோ வேன் ஸ்டாண்டுக்குப் போய், எத்தனை சீட்டு, கிலோமீட்டருக்கு எவ்வளவு, டோல் யார் பொறுப்பு, டிரைவர் பேட்டா எவ்வளவு என்று கேட்டு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வருவீர்கள். தலைக்கு இவ்வளவு என்று தெருவில் வசூல் நடக்கும். விவரம் தெரிந்த மாமா ஒருவர் கோடு போட்ட நோட்டில் ஊர்களை வரிசையாக எழுதுவார்: சென்னை, திருப்பதி, காஞ்சிபுரம், திருவண்ணாமலை, திரும்பும் வழியில் சமயபுரம். அதில் சென்னைக்குக் கிடைப்பது ஒரு பகல். அந்த ஒரு பகலைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நானும் அந்தப் பக்கத்துக்காரிதான். கல்யாணமாகி வந்து தாம்பரம் பக்கம் குடியிருக்கிறேன். ஊரிலிருந்து வேன் வந்தால் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுப்பார்கள். மறுநாள் கூடப் போய் ஊரைச் சுற்றிக் காட்டுவது என் பொறுப்பு. என் சித்தப்பா வேன் ஓட்டிப் பிழைத்தவர். அதனால் ஜன்னலோர சீட்டுக்குச் சண்டை போடும் பிள்ளைகளின் ஆசையும் எனக்குத் தெரியும், ஸ்டியரிங் பிடிப்பவரின் கண் எரிச்சலும் தெரியும்.

நான் கேட்பது இதுதான். சென்னை எல்லையைத் தொட்டதும் வேனை ஓரிடத்தில் நிறுத்திவிடுங்கள். அன்று முழுக்க அதை எடுக்க வேண்டாம். டிரைவர் தூங்கட்டும். நீங்கள் ரயிலிலும் பஸ்ஸிலும் ஏறி, கால் கொண்ட மட்டும் நடந்து ஊரைப் பாருங்கள்.

டிரைவர் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அதுதான் என் மனதில் பாரமாக இருக்கிறது.

கோவில்பட்டியிலிருந்து சென்னை சுமார் 550 கிலோமீட்டர். சாயங்காலம் பிள்ளையார் கோயில் வாசலில் தேங்காய் உடைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துக் கிளம்பினால், சாப்பாட்டுக்கும் டீக்கும் நிறுத்தி, தாம்பரம் வந்து சேரும்போது விடிந்துவிடும். கிளம்புவதற்கு முந்தைய பகலில் டிரைவர் படுத்திருப்பார் என்றா நினைக்கிறீர்கள்? வண்டியைக் கழுவி, டயருக்குக் காற்றுப் பார்த்து, மேல் கேரியரில் அண்டாவையும் கேஸ் அடுப்பையும் ஏற்றித் தார்ப்பாய் கட்டியிருப்பார். ராத்திரி முழுக்க நீங்கள் தலை சாய்ந்து தூங்கியபோது அவர் விழித்திருந்தார். காலையில் லாட்ஜில் இரண்டு அறை எடுத்து, பதினெட்டுப் பேரும் வரிசையில் நின்று குளிக்கிறீர்கள். கடைசி ஆள் தலை துவட்டும்போதே மாமா கீழே இறங்கி, "என்ன தம்பி, கிளம்பலாமா?" என்று கேட்டுவிடுகிறார். அவரும் "கிளம்பலாண்ணே" என்கிறார். வேறென்ன சொல்வார்?

பிறகு வண்டலூர், அங்கிருந்து தி.நகர், அங்கிருந்து மெரினா. ராத்திரி ஒன்பது மணிக்குத் திருப்பதி ரோடு. முந்தைய நாள் காலையில் எழுந்த மனுஷர் இரண்டாவது ராத்திரியும் ஓட்டுகிறார்.

1961இல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலைக்கு வரம்பு வைத்தது. ஐந்து மணி நேரம் வேலை பார்த்தால் அரை மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்றது. தூரப் பயணத்துக்குத் தளர்வு கொடுத்தபோதும் நாளுக்குப் பத்து மணி நேரத்தோடு நிறுத்திக்கொண்டது. நாம் பேசுகிற வேன்களில் பெரும்பாலும் ஒரே டிரைவர். முதலாளி ஊரில் இருப்பார். டிரைவர் எத்தனை மணி நேரம் விழித்திருக்கிறார் என்று அந்த வண்டிக்குள் கணக்குப் பார்க்க உங்களைத் தவிர யாரும் கிடையாது.

நள்ளிரவு இரண்டு மணியிலிருந்து விடியற்காலை ஐந்து மணி வரை மனித உடம்பு தானாகவே தூக்கத்துக்கு இறங்கும் நேரம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொரு முறை இறங்கும். தூக்கம் மிகவும் கெட்டுப்போனால், கண் திறந்திருக்கும்போதே மூளை சில நொடிகள் அணைந்துவிடும். அது நடந்தது ஓட்டுகிறவருக்கே தெரியாது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. மூன்று நொடி என்றால் 66 மீட்டர். அந்த 66 மீட்டருக்குள் டயர் மாற்றிக்கொண்டு ஒரு லாரி ஓரமாக நின்றால் போதும். காலைப் பேப்பரில் 'அதிகாலையில் வேன் மோதி' என்று ஆரம்பிக்கும் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்குத்தான் நினைவுக்கு வரும். பாட்டைச் சத்தமாக வைப்பதும், முன் சீட்டில் ஒருவர் உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பதும், இஞ்சி டீயும் கொஞ்ச நேரத்துக்கு உதவும். தூக்கத்துக்கு ஈடாக அவை எதுவும் ஆகாது.

எங்கள் சித்தப்பா மெரினாவில் 'ஓய்வு எடுத்ததை' ஒரு முறை கிட்ட இருந்து பார்த்தேன். மே மாத வெயில். பின்னால் நீள சீட்டில் குறுக்காகக் கிடந்தார். உயரமான மனுஷர், கால் இரண்டும் ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஈரத் துண்டு நெஞ்சில். தகரக் கூரை கொதிக்கிறது, ஈ மொய்க்கிறது. கண் அசரும்போது போன் அடிக்கிறது: "அண்ணே, நாங்க கண்ணகி சிலைகிட்ட நிக்கோம், வண்டியக் கொண்டாங்க." எழுந்து முகம் கழுவி எடுத்தால், கண்ணகி சிலை முன்னால் வேன் நிற்கக் கூடாது என்று போலீஸ்காரர் விரட்டுகிறார். ஒரு சுற்று சுற்றி வருவதற்குள் பாதிப் பேர் வண்டியில், மீதிப் பேர் பலூன் சுடப் போயிருக்கிறார்கள். திரும்பவும் ஒரு சுற்று. அன்று அவர் படுத்திருந்த நேரமெல்லாம் நோட்டில் ஓய்வு என்று எழுதப்பட்டது. தூங்கியது ஒரு பொட்டு இல்லை.

வேன் நம் சொந்த வண்டி மாதிரி, பையை வைக்கலாம், குழந்தையைப் படுக்க வைக்கலாம், அதைவிட்டு ரயிலுக்கு எங்கே அலைவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நகரத்துக்குள் அந்த வண்டி உங்களுக்கு என்ன காட்டுகிறது? மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்ட வேலை மூன்று வழித்தடங்களாக, மொத்தம் 118.9 கிலோமீட்டருக்கு நடக்கிறது. மயிலாப்பூர், வடபழனி, போரூர் என்று ஊரின் முக்கியமான சாலைகள் எல்லாம் தடுப்பு வைத்து ஒடுங்கிக் கிடக்கின்றன. அந்தத் தகரத் தடுப்பையும் முன்னால் நிற்கும் பஸ்ஸின் முதுகையும் பார்த்துக்கொண்டு நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். 'சென்னை பார்த்தேன்' என்று ஊரில் போய்ச் சொல்வதற்கு அந்தப் பகலில் என்ன இருக்கிறது?

ஆகவே கூடுவாஞ்சேரி, வண்டலூர், தாம்பரம் பக்கம் தங்குங்கள். முகூர்த்தம் இல்லாத நாளில் சின்ன மண்டபம் ஒன்றைப் பேசிக்கொண்டால் மொத்தக் கூட்டமும் ஒரே இடத்தில் படுக்கலாம், சமையலும் செய்யலாம், வண்டியும் உள்ளே நிற்கும். வண்டி நிறுத்த இடம் உண்டா, டிரைவருக்குத் தனியே ஃபேனோடு ஒரு இடம் உண்டா என்று முன்கூட்டியே போனில் கேளுங்கள். ரயில் ஸ்டேஷன் நடக்கிற தூரத்தில் இருக்க வேண்டும், அது முக்கியம்.

கடற்கரை ஸ்டேஷனிலிருந்து தாம்பரம் வரைக்கும் 1931 முதல் மின்சார ரயில் ஓடுகிறது. தாம்பரத்தில் ஏறிக் கடைசி வரை போக டிக்கெட் 10 ரூபாய். பதினெட்டுப் பேருக்கு 180 ரூபாய். காலை எட்டிலிருந்து பத்து மணி வரை ஆபீஸ் கூட்டம் நெருக்கும், அந்த நேரத்தில் ஏறாதீர்கள். பத்தரை மணிக்கு மேல் உட்கார்ந்துகொண்டே போகலாம். பெண்களுக்குத் தனிப் பெட்டி உண்டு. வாலிபப் பிள்ளைகளைப் படிக்கட்டில் தொங்க விடாதீர்கள். இதில் மட்டும் செல்லம் கொடுக்கவே கூடாது.

அந்த ரயிலில் உட்கார்ந்தால் ஊர் தன்னாலே விரியும். பல்லாவரத்தில் தோல் வாடை வரும். திரிசூலத்தில் ஒரு பக்கம் மலை, மறுபக்கம் விமான நிலையம். பிள்ளைகள் எழுந்து நிற்பார்கள், தலைக்கு மேலே அத்தனை தாழ்வாக விமானம் போகும். சைதாப்பேட்டைக்கு முன் அடையாற்றுப் பாலம். மாம்பலத்தில் பாதி ரயில் இறங்கும், பை பையாக இன்னொரு கூட்டம் ஏறும். எதிர் சீட்டில் ஒரு அம்மா முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டு வருவார். வீட்டுக்குப் போய்ச் சேரும்போது கீரை சட்டிக்குத் தயாராக இருக்கும். எந்த ஊர் என்று அவரே கேட்பார். இரண்டு ஸ்டேஷனுக்குள் உங்கள் பக்கத்து ஊரில் அவருக்குக் கொண்டான் கொடுத்தான் இருப்பது தெரியவரும். இந்த ஊரில் பாதிப் பேர் எங்கிருந்தோ வந்தவர்கள். வேன் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தால் அவர்களைத் தெரிந்துகொள்ளவே முடியாது.

மூட்டு வலிக்காரர்கள் கிண்டியில் இறங்கி மெட்ரோவுக்கு மாறிக்கொள்ளலாம். பக்கத்திலேயே இருக்கிறது, லிஃப்ட் உண்டு, குளுகுளுவென்று போகலாம். அந்தப் பாதையில் எல்.ஐ.சி. என்றே ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. 1959இல் கட்டி முடித்தபோது நாட்டிலேயே உயரமான கட்டடம் அது. பழைய சினிமாவில் கதாநாயகன் பட்டணத்துக்கு வந்துவிட்டான் என்று காட்ட சென்ட்ரல் ஸ்டேஷனையும் எல்.ஐ.சி.யையும்தானே காட்டுவார்கள்? தாத்தா பாட்டிகள் மேலே ஏறி வந்து ஒரு தடவை பார்க்கட்டும். பஸ் என்றால், 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. வெளியூர்ப் பெண்களும் ஏறலாம். நம்மூர் டவுன் பஸ் மாதிரியேதான், கூச்சப்பட வேண்டாம்.

மெரினா கடற்கரைக்குப் போவதற்குக் கோட்டை ஸ்டேஷனில் பறக்கும் ரயிலுக்கு மாறுவதை நான் விரும்புவேன். சேப்பாக்கத்திலோ திருவல்லிக்கேணியிலோ இறங்கிக்கொள்ளலாம். ஆனால் திருமயிலை வரை ஒரு தடவை போய் வாருங்கள். தூண்கள் ஒரு கால்வாய்க்குள்ளேயே நிற்பதைப் பார்ப்பீர்கள். கறுத்த தண்ணீர், கரையில் குப்பை. யாரும் திரும்பிப் பார்க்காத கால்வாய். அதற்கு பக்கிங்காம் கால்வாய் என்று பெயர். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் அந்தப் பகுதியை வெட்டியது தாது வருஷப் பஞ்சத்தில், 1877-78இல். பஞ்ச நிவாரண வேலை என்று கூலிக்கு வந்த ஏழை சனங்கள் வெட்டிய கால்வாய். தாது வருஷத்துக் கதையை நம் வீட்டுப் பாட்டிகள் அவர்களுடைய பாட்டி சொல்லக் கேட்டிருப்பார்கள். வானம் பார்த்த பூமிக்காரர்களான நாம், பட்டணத்தில் முதலில் நின்று பார்க்க வேண்டிய இடங்களில் அதுவும் ஒன்று என்பது என் எண்ணம். அந்த நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டு ஒரு நிமிஷம் பாருங்கள்.

இன்னொரு இடம் எழும்பூர் மியூசியம். நீங்கள் எழுதும் நோட்டில் இது ஒரு நாளும் இருப்பதில்லை, எனக்கு அதில் பெரிய வருத்தம். எழும்பூர் ஸ்டேஷனிலிருந்து நடந்தே போய்விடலாம். 1851இல் தொடங்கியது. வெள்ளிக்கிழமை விடுமுறை, அதை மட்டும் ஞாபகம் வையுங்கள். வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. அந்த மிருகக்காட்சி சாலையே 1855இல் இந்த மியூசியத் தோட்டத்தில் பிறந்ததுதான். எட்வர்டு பால்ஃபர் என்ற டாக்டர் தொடங்கினார். பிறகு சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கம் போய், 1985இல் வண்டலூர் காட்டுக்குக் குடிபோனது. அங்கே சுமார் 600 ஹெக்டேர் பரப்பு. குழந்தைகளோடு போனால் பாதி நாள் காலி, கால் வலி தனி. ஒரு பகல்தான் இருக்கிறது என்றால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். நான் மியூசியத்துக்குத்தான் கையைக் காட்டுவேன்.

ஏனென்று சொல்கிறேன். ஸ்ரீவைகுண்டம் பக்கத்து ஆதிச்சநல்லூர் எல்லோருக்கும் தெரியும். தாமிரபரணிக் கரையில், ரோட்டோரத்தில் அந்தப் பரம்பு கிடக்கிறது. திருச்செந்தூர் போகும்போது எத்தனையோ தடவை கடந்திருப்பீர்கள். 1876இல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் அங்கே தோண்டினார். அவர் எடுத்தவை பெர்லினுக்குப் போய்விட்டன. பிறகு 1899இலிருந்து 1905 வரை அலெக்சாண்டர் ரீ தோண்டி எடுத்த தாழிகள், பானைகள், இரும்பு ஆயுதங்கள், வெண்கலச் சாமான்கள் சென்னைக்கு வந்தன, இந்த மியூசியத்துக்குத்தான். ஒரு தடவை எங்கள் பெரியம்மாவை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். ஆழ்வார்திருநகரிப் பக்கத்தில் பிறந்தவர், கையெழுத்துப் போட மட்டும் தெரிந்தவர். முதலில், "பொம்மை பாக்கவா இம்புட்டு தூரம்?" என்றுதான் வந்தார். ஆதிச்சநல்லூர்ச் சாமான்கள் இருந்த கண்ணாடிப் பெட்டி முன்னால் போனதும் நின்றுவிட்டார். கறுப்பும் சிவப்புமாக ஒரு பானை. கழுத்தைப் பார்த்தார், அடியைப் பார்த்தார், குனிந்து பக்கவாட்டில் பார்த்தார். "இத வனஞ்சவன் கை தேர்ந்த கை. விளிம்ப எப்படி உருட்டியிருக்கான் பாரு" என்றார். அவருடைய தகப்பனார் வீட்டுக்குப் பக்கத்தில் குயவர் தெரு. சக்கரத்தில் மண் எழும்புவதைப் பார்த்து வளர்ந்தவர் அவர். எந்த ஊர்ப் பானை என்று நான் எழுத்துக்கூட்டி வாசித்துக் காட்டியதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நம்ம ஆதிச்சநல்லூரா?" என்று கேட்டுவிட்டு, கூட வந்த பேரப்பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு அந்தப் பெட்டி முன்னால் நிறுத்திப் பார்க்கச் சொன்னார். பிள்ளைகளும் சொன்னபடி நின்று பார்த்தார்கள்.

வெண்கலச் சிலைகளின் கூடத்தையும் விடாதீர்கள். திருவெண்காட்டிலிருந்து வந்த அர்த்தநாரீசுவரர் அங்கே இருக்கிறார். பாதி ஆண், பாதி பெண்ணாக 11ஆம் நூற்றாண்டுச் சோழர் காலத்து வேலை. கோயிலில் திரைக்கு அப்பாலிருந்து, அலங்காரத்துக்குள் முகம் மட்டும் தெரியப் பார்த்த சாமிகளை இங்கே முழு உருவமாக, ஒரு கை தூரத்தில் நின்று பார்க்கலாம்.

தி.நகரைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை, எப்படியும் போவீர்கள். மாம்பலம் ஸ்டேஷனிலிருந்தே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் 2023இல் ஆகாய நடைபாதை கட்டியிருக்கிறார்கள். அதன் வழியாகப் போனால் ரங்கநாதன் தெரு நெரிசலில் குழந்தைகள் நசுங்காமல் தப்பிக்கலாம். நகை போட்டிருப்பவர்கள் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொள்ளுங்கள்.

மெரினாவைப் பற்றி மட்டும் கண்டிப்பாகப் பேச வேண்டும். அந்த அகலமான மணல் எப்போதும் இருந்ததில்லை. 1870களில் துறைமுகம் கட்ட ஆரம்பித்துக் கடலுக்குள் சுவர் எழுப்பினார்கள். தெற்கிலிருந்து வடக்கே கடல் கொண்டுபோகும் மணல் அந்தச் சுவரில் தடுக்கப்பட்டு, இந்தப் பக்கம் சேர்ந்து சேர்ந்து கடற்கரை விரிந்தது. மறுபக்கம் ராயபுரம், காசிமேடு கரைகளை மணல் இல்லாத கடல் அரித்தது. அங்கே இன்றைக்கும் பாறாங்கல் கொட்டித்தான் கரையைக் காப்பாற்றுகிறார்கள். கரையோரமாக அத்தனை மணலை இழுத்துக்கொண்டு போகும் வலு அந்தத் தண்ணீருக்கு இருக்கிறது என்பதை மனதில் வையுங்கள். மெரினாவில் குளிப்பதற்குத் தடை இருக்கிறது. தாமிரபரணியில் அக்கரைக்கும் இக்கரைக்கும் நீந்துகிற நம் பையன்கள்தான் இந்தத் தடையை மதிப்பதில்லை. கிணற்றுக்கும் ஆற்றுக்கும் பழகிய கை கடலுக்கு உதவாது. முழங்கால் அளவு என்று நினைத்து நிற்கும் இடத்தில் ஓர் அலை திரும்பும்போது காலடி மணல் கரைந்து, அடுத்த அடியே ஆழமாகிவிடும். அலையில் சிக்கியவனைக் காப்பாற்ற இறங்கும் அண்ணன் தம்பியும் சேர்ந்து போய்விடுகிறார்கள். கால் நனைக்க வேண்டுமானால் பெரியவர் ஒருவர் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு, அலை வந்து ஓயும் ஓரத்தில் நனைத்தால் போதும். மேலே வந்து மாங்காய் போட்ட சுண்டல் வாங்கிச் சாப்பிடுங்கள். உழைப்பாளர் சிலைக்குக் கீழே நின்று படம் எடுங்கள். தேவிபிரசாத் ராய் சவுத்ரி செய்த அந்தச் சிலை 1959இல் வைக்கப்பட்டது. நான்கு பேர் பாறையைப் புரட்டுகிற அந்தத் தோள்களையும் நரம்புகளையும் கிட்டப் போய்ப் பாருங்கள், கல்லும் மண்ணும் சுமந்த நம் ஆட்களுக்கு அதை விளக்கவே வேண்டாம்.

பிரிந்துவிட்டால் எங்கே சேருவது என்று இறங்கும்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். அந்த உழைப்பாளர் சிலையே நல்ல அடையாளம். போன் நம்பர் எழுதிய சீட்டு ஒன்று ஒவ்வொரு குழந்தையின் சட்டைப் பையிலும் பாட்டிகளின் சுருக்குப் பையிலும் இருக்கட்டும். காணும் பொங்கலன்று இதே மெரினாவில் போலீஸ்காரர்கள் குழந்தைகளின் மணிக்கட்டில் நம்பர் எழுதிய பட்டை கட்டுகிறார்கள் என்றால், தேவை இருப்பதால்தான்.

பெண்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். வண்டி ஏறிய நேரத்திலிருந்து நீங்கள் தண்ணீர் குடிப்பதில்லை. எங்கே நிறுத்தச் சொல்வது, டிரைவரிடம் எப்படிக் கேட்பது, இத்தனை ஆம்பளைகள் முன்னால் எப்படி இறங்குவது என்று தொண்டையை வறளப் போட்டுக்கொண்டு 550 கிலோமீட்டரும் வருகிறீர்கள். மே வெயிலில் மயக்கமும், ஊர் திரும்பியதும் நீர்க்கடுப்பும் இதனால் வருவதுதான். பயணத்தை நடத்துகிற மாமாக்களே, பெண்கள் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம், கழிப்பறை இருக்கும் பெட்ரோல் பங்க்கில் நீங்களாகவே நிறுத்தச் சொல்லுங்கள். டிரைவருக்கும் கால் நீட்ட நேரம் கிடைக்கும். நகரத்துக்குள் மெட்ரோ ஸ்டேஷன்களிலும் மியூசியத்திலும் கழிப்பறை உண்டு. ரயிலில் சுற்றுவதில் எனக்குப் பிடித்த சௌகரியம் இது. வேன் ஒரு சிக்னலுக்கும் அடுத்த சிக்னலுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கும்போது, உள்ளே ஒரு மதினி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்பது உங்களில் பல பேருக்குத் தெரியாது.

சாயங்காலம் கடற்கரை ஸ்டேஷன் வழியாகத் திரும்பினால், பர்மா பஜாருக்குப் பக்கத்தில் அத்தோ கடைகள் போட்டிருப்பார்கள். 1960களில் பர்மாவை விட்டு வெறுங்கையோடு கப்பலேறி வந்த நம் சனங்கள் கொண்டுவந்த சாப்பாடு. ஒரு தட்டு வாங்கி நாலு பேர் ருசி பாருங்கள். எட்டு மணிக்குள் தாம்பரம் வந்துவிட்டால் மண்டபத்தில் சோறு ஆறாமல் இருக்கும்.

அன்று இரவே கிளம்பாதீர்கள். திருப்பதி இங்கிருந்து நாலைந்து மணி நேரம்தான். டிரைவர் பகலில் தூங்கியிருந்தாலும் இரவும் படுக்கட்டும். காலை ஐந்து மணிக்குக் குளித்து முடித்துக் கிளம்பினால், மத்தியானத்துக்கு முன்பே மலையடிவாரத்தில் இருப்பீர்கள். வளைந்து வளைந்து ஏறும் பாதையில் தெளிந்த கண்ணோடு அவர் ஓட்டுவார்.

இதெல்லாம் நடக்க வேண்டுமென்றால் வண்டி பேசும்போதே பேசியாக வேண்டும். சக்கரம் உருளாத நாளுக்கும் முதலாளி மினிமம் கிலோமீட்டர் வாடகை கேட்பார். கொடுத்துவிடுங்கள். பதினெட்டாகப் பங்கு போட்டால் தலைக்கு ஒரு சேலை விலைகூட வராது. ஹால்ட் நாளுக்கும் டிரைவருக்கு முழு பேட்டா உண்டு என்பதை அவர் எதிரிலேயே முதலாளியிடம் சொல்லி முடிவு செய்யுங்கள். வண்டி ஓடினால்தான் பேட்டா என்றிருந்தால், தூக்கத்தை விட்டுவிட்டு அவரே "வாங்கண்ணே, மெரினா போய்ட்டு வந்துருவோம்" என்று கூப்பிடுவார். தூரம் அதிகமுள்ள டூருக்கு இரண்டாவது டிரைவர் கேளுங்கள், ஒரு சீட்டு குறைந்தாலும் பரவாயில்லை. சென்னையில் இறங்கியதும் முதல் குளியல் டிரைவருக்கு, முதல் இட்லித் தட்டு அவருக்கு. பிறகு அவருடைய போன் நம்பரை அன்று முழுக்க யாரும் தொடக் கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். வண்டிக்குள் மறந்து வைத்த சீப்போ பவுடர் டப்பாவோ சாயங்காலம் எடுத்துக்கொள்ளலாம்.

எங்கள் வீட்டு மாடி உங்களுக்கு எப்போதும் உண்டு. டிரைவருக்குக் கீழே முன்னறையில் கட்டில் போட்டு வைக்கிறேன்.

இப்படிக்கு,
தாம்பரத்தில் குடியிருக்கும் உங்கள் ஊர்ப் பொண்ணு